முடவனும் கொம்புத்தேனும்



"முடவன் கொம்புத்தேனுக்கு ஆசைப்பட்டதுபோல" என்பது நம்மிடையே நெடுங்காலமாக வழங்கிவரும் பழமொழி. மரபுத்தொடர்களையும் பழமொழிகளையும் கற்பிக்கும் தமிழாசிரியர் எவரும் இதனைத் தாண்டிச் செல்வதில்லை. தனக்கு எட்டாத ஒன்றின்மீது ஆசை வைப்பவனை இகழ்ந்துரைப்பது இது. மாணாக்கர் இதன் பொருளை எழுதிப் புள்ளி பெறுகின்றனர். ஆனால், வகுப்பறையின் முன்வரிசையிலே செயற்கைக் கால் பொருத்திய பிள்ளையொன்று அமர்ந்திருக்கும்போது இப்பழமொழியை எவ்வாறு விளக்குவது? நமது நாட்டிலே, அதிலும் வடக்கிலும் கிழக்கிலும், இது வெறும் கற்பனை வினா அன்று. போர் முடிந்த 2009 ஆம் ஆண்டின் பின் பிறந்த பிள்ளைகளின் வகுப்புகளிலும், காலிழந்த தந்தையையோ கையிழந்த தாயையோ வீட்டிலே காண்கின்ற பிள்ளைகள் இருக்கின்றனர்.

பழமொழி ஒரு வரியிலே சொல்லி முடிப்பதைக் கதைகள் விரித்துச் சொல்கின்றன. உடற்குறையுள்ள பிள்ளையைப் பற்றி, கடந்த 200 ஆண்டுகளாகச் சிறுவர் நூல்கள் என்ன சொல்லி வந்திருக்கின்றன? அவை எங்கே தடம் மாறின? இன்றைய உரையிலே இதனைச் சற்று நோக்குவோம்.

முதலிலே நமது வீட்டுக்குள் ஒரு பார்வை. இராமாயணத்தைக் கேட்ட எந்தப் பிள்ளைக்கும் கூனியைத் தெரியும். அவளுடைய இயற்பெயர் மந்தரை என்பது பலருக்கு நினைவில்லை. முதுகின் வளைவே பெயராகி நின்றுவிட்டது. உடலின் கோணல் மனத்தின் கோணலுக்கு அடையாளம் என்ற எண்ணம் அங்கே தொழிற்படுகின்றது. 17ஆம், 18ஆம் நூற்றாண்டுகளிலே தமிழகத்தில் செழித்த நொண்டி நாடகங்களை எடுத்துக்கொள்வோம். கள்வன் ஒருவன் தாசியிடம் பொருளை இழக்கின்றான். குதிரை திருடப் போய் அகப்பட்டுக் கால் வெட்டப்படுகின்றான். பின்னர் திருத்தலம் சென்று இறையருளால் இழந்த காலை மீளப் பெறுகின்றான். திருச்செந்தூர் நொண்டி நாடகமும் இப்படித்தான், இஸ்லாமியச் சூழலில் எழுந்த சீதக்காதி நொண்டி நாடகமும் இப்படித்தான். குற்றத்துக்குத் தண்டனை ஊனம். திருந்தியதற்குப் பரிசு குணம். சமயம் மாறினாலும் கதையின் சட்டகம் மாறவில்லை.

மேலைநாட்டுச் சிறுவர் கதைகளும் ஏறத்தாழ இதே சட்டகத்தோடுதான் புறப்பட்டன. ஜேர்மனியின் கிறிம் சகோதரர்கள் தமது கதைத் தொகுதியின் முதற் பாகத்தை 1812 இல் வெளியிட்டனர். அதிலுள்ள ரப்புன்செல் கதையிலே இளவரசன் கண்ணிழக்கின்றான். காதலியின் கண்ணீர் பட்டதும் பார்வை திரும்புகின்றது. 1819 இல் வந்த இரண்டாம் பதிப்பிலே சிண்டரெல்லாவின் பொல்லாத சகோதரிகளின் கண்களைப் புறாக்கள் கொத்துகின்றன. நல்லவனுக்குக் கண் திரும்பும், கெட்டவளுக்குத் திரும்பாது. இத்தாலியிலே கார்லோ கொலோடி எழுதி 1883 இல் நூலாகிய பினோக்கியோ கதையில் நொண்டிபோல நடித்த நரியும் குருடுபோல நடித்த பூனையும் ஈற்றிலே உண்மையாகவே அந்நிலையை அடைகின்றன. இக்கதைகளைக் கேட்கும் குழந்தை, தெருவிலே ஊன்றுகோலோடு வரும் ஒருவரைக் கண்டதும், "இவர் என்ன குற்றம் செய்தாரோ?" என்று எண்ணினால் அது குழந்தையின் பிழையாகாது.

இவற்றுக்கிடையே தனித்து நிற்பவர் டென்மார்க்கின் ஹான்ஸ் கிறிஸ்ரியன் அன்டர்சன். 1838 இல் அவர் வெளியிட்ட தகரப் படைவீரன் கதை பலருக்கும் தெரிந்ததே. ஒரு பழைய தகரக் கரண்டியை உருக்கி வார்த்த 25 பொம்மை வீரர்களுள் கடைசியாக வார்க்கப்பட்டவனுக்குத் தகரம் போதவில்லை. ஆகவே ஒரு கால் இல்லை. குற்றம் எதுவும் இல்லை, சாபமும் இல்லை, மூலப்பொருள் போதவில்லை, அவ்வளவுதான். ஒற்றைக்காலிலே அவன் மற்றவர்களைப் போலவே உறுதியாக நிற்கின்றான். காகித நடனக்காரி தன் காலொன்றை உயரத் தூக்கி நிற்பதைக் கண்டு, அவளும் தன்னைப் போன்றவளே என்று எண்ணி அன்பு கொள்கின்றான். கதை முடியும்வரை அவனுக்கு இரண்டாவது கால் முளைக்கவில்லை. ஆயினும் அவனை அடுப்பு நெருப்பிலே உருகச் செய்துதான் அன்டர்சனும் கதையை முடித்தார். ஊனத்தைக் குற்றத்திலிருந்து பிரித்த அவரால், ஊனமுற்றவன் தொடர்ந்து வாழ்வதற்கு ஓரிடத்தைக் கதைக்குள் காண முடியவில்லை.

ஐந்து ஆண்டுகள் கழித்து, 1843 டிசெம்பரில், இங்கிலாந்திலே சார்ள்ஸ் டிக்கன்ஸ் தமது நத்தார்க் கதையை வெளியிட்டார். அதிலே வரும் ரிம் என்ற சிறுவன் ஊன்றுகோலோடும், கால்களைத் தாங்கும் இரும்புச் சட்டத்தோடும் தந்தையின் தோளிலே வருகின்றான். கருமியான ஸ்குரூஜ் காணும் எதிர்காலக் காட்சியிலே ரிம் இறந்துவிடுகின்றான். ஸ்குரூஜ் மனந்திருந்தியதும் ரிம் இறக்கவில்லை என்று ஆசிரியர் அறிவிக்கின்றார். இந்த அறிவிப்பு கையெழுத்துப் பிரதியிலே இருக்கவில்லை. நூல் அச்சேறும் கட்டத்திலேதான் சேர்க்கப்பட்டது. ஸ்குரூஜின் மனமாற்றத்தை எழுதி முடித்த வேளையிலும், சிறுவனின் கதி கையெழுத்துப் பிரதியிலே சொல்லப்படாமலே இருந்தது. ரிம் என்ன விரும்பினான், எதைக் கண்டு சிரித்தான், யாரோடு சண்டை பிடித்தான் என்பவை நமக்குச் சொல்லப்படவில்லை. ஒரு பணக்காரனின் நெஞ்சை இளகச் செய்வதே அவனுக்குக் கொடுக்கப்பட்ட வேலை. அவ்வேலையை அவன் நன்றாகச் செய்தான் என்பதும், அந்நூலை வாசித்தோர் ஏழைகள்பால் இரக்கங் கொண்டனர் என்பதும் உண்மையே. ஆனால் இரக்கம் பெறுபவனாகவே ஒரு பிள்ளையைத் திரும்பத் திரும்பக் காட்டும்போது, அப்பிள்ளைக்கு வேறு முகம் இல்லாமற் போய்விடுகின்றது.

இதன் பின்னர் வந்த காலத்திலே, சிறுமியருக்கென எழுதப்பட்ட நாவல்கள் பெருகின. அவற்றுள் மிகப் புகழ் பெற்ற சிலவற்றிலே ஒரே வகையான முடிவு வருவதைக் காணலாம். அமெரிக்காவின் சூசன் கூலிட்ஜ் 1872 இல் எழுதிய நாவலிலே கேற்றி என்ற குறும்புக்காரி, ஏறக்கூடாது என்று அத்தை தடுத்த ஊஞ்சலில் ஏறி விழுந்து முதுகெலும்பு பாதிக்கப்பட்டுப் படுக்கையில் வீழ்கின்றாள். நோயாளியான உறவுக்காரப் பெண்ணொருத்தி, வலி என்பது இறைவன் நடத்தும் பாடசாலை என்று அவளுக்கு எடுத்துரைக்கின்றாள். ஆண்டுக்கணக்காகப் படுக்கையிலிருந்து பொறுமையையும் பணிவையும் கற்றுக் குடும்பத்தின் அச்சாணியாக மாறிய பின், கேற்றி எழுந்து நடக்கின்றாள். 1913 இல் எலினோர் போர்ட்டர் எழுதிய பொலியானாவும் மோட்டார் வாகனத்தில் அடிபட்டுக் கால் வழங்காமற் போய், ஈற்றிலே நடக்கின்றாள். நற்குணம் என்ற பரீட்சையிலே சித்தியடைந்தால் கால் திரும்பக் கிடைக்கும் என்பதே இவற்றின் உட்பொருள்.

இவ்வகை நாவல்களுள் உலகெங்கும் பரவியது ஹைடி. சுவிட்சர்லாந்தின் ஜொஹன்னா ஸ்பீரி ஜேர்மன் மொழியிலே எழுதி 1880 இலும் 1881 இலும் இரு பாகங்களாக வெளிவந்தது. அல்ப்ஸ் மலையிலே பாட்டனாரோடு வாழும் ஹைடி, பிராங்க்பேர்ட் நகரிலே சக்கர நாற்காலியில் வாழும் கிளாராவுக்குத் தோழியாகின்றாள். பின்னர் கிளாரா மலைக்கு வருகின்றாள். ஹைடி தன்னை மறந்து கிளாராவோடேயே இருக்கிறாளே என்ற பொறாமையினால், ஆடு மேய்க்கும் பீற்றர் அந்தச் சக்கர நாற்காலியை மலைச்சரிவிலே தள்ளி விடுகின்றான். நாற்காலி உருண்டு சிதறிப் போகின்றது. நாற்காலி இல்லாமற் போனபின், இருபுறமும் தோழர்கள் தாங்க, கிளாரா அடியெடுத்து வைக்கின்றாள். காண வந்த தந்தையும் பாட்டியும் ஆனந்தக் கண்ணீர் வடிக்கின்றனர்.

இங்கே ஒரு செய்தியை நாம் கூர்ந்து நோக்க வேண்டும். உண்மை வெளிப்பட்டதும் பீற்றரை யாரும் தண்டிக்கவில்லை. தீமையையும் இறைவன் நன்மையாக மாற்றினார் என்று கூறி, கிளாராவின் பாட்டி அவனுக்கு வாரந்தோறும் ஒரு சிறு நாணயம், வாழ்நாள் முழுவதும் கிடைக்க ஏற்பாடு செய்கின்றார். நடக்கவல்ல வாசகருக்கு இது நகைச்சுவை கலந்த இனிய முடிவு. சக்கர நாற்காலியிலேயே வாழ்வை நடத்தும் பிள்ளை இதை வாசிக்கும்போது நிலைமை வேறு. அப்பிள்ளைக்கு நாற்காலிதான் கால். தன் காலை உடைத்தவனுக்குப் பரிசு கொடுக்கும் கதையை அது வாசிக்கின்றது.

1911 இல் பிரான்சிஸ் ஹொட்சன் பேர்னற் எழுதிய 'இரகசியத் தோட்டம்' இன்னும் நுட்பமானது. யோர்க்ஷயர் மாளிகையிலே பத்து வயதுக் கொலின் படுக்கையிற் கிடக்கின்றான். தன் முதுகு தந்தையினுடையதைப் போல வளைந்துவிடும், தான் இளமையிலேயே இறந்துவிடுவேன் என்பது அவனுடைய அச்சம். உண்மையிலே அவனுக்கு நோயே இல்லை. தோட்டமும் தூய காற்றும் தோழமையும் அவனை நிமிர்த்துகின்றன. அவன் ஓடிச் சென்று தந்தையின்மீது மோதுகின்றான். மகன் எதைக் கண்டு அஞ்சினானோ அந்த வளைந்த முதுகோடு தந்தை அங்கே நிற்கின்றார். அவரைத் தோட்டம் நிமிர்த்தவில்லை. வளைந்த முதுகோடும் ஒரு மனிதர் நன்றாக வாழலாம் என்று கொலினுக்கு எவரும் சொல்லவுமில்லை.

இந்த ஆசிரியர்கள் கொடியவர்கள் அல்லர். பிள்ளைகள்மீது அன்பு கொண்டவர்களே. அப்படியிருந்தும் இவர்கள் ஏன் இவ்வாறு எழுதினர்? காலத்தின் நிலையைப் பார்த்தால் காரணம் புலப்படும். எலும்புகளையும் முதுகுத்தண்டையும் அரிக்கும் காசநோய் அன்று பரவலாக இருந்தது. இளம்பிள்ளைவாதத்துக்குத் தடுப்பூசி 1955 இலேதான் பொதுப் பயன்பாட்டுக்கு வந்தது. மருத்துவம் கைவிட்ட இடத்திலே மலைக்காற்றும் பிரார்த்தனையும்தான் எஞ்சி நின்றன. மறுபுறத்திலே, பாடசாலை, தெரு, தொழிற்கூடம் எவையும் நடக்கவியலாத பிள்ளையை எதிர்பார்த்து அமைக்கப்படவில்லை. வளர்ந்த கிளாரா சக்கர நாற்காலியில் இருந்தவாறு எங்கே படிப்பாள், என்ன தொழில் செய்வாள் என்ற வினாவுக்கு 1881 ஆம் ஆண்டின் ஐரோப்பாவிடம் பெரிதாக விடை இருக்கவில்லை. சுற்றியுள்ள உலகை மாற்ற வழி காணாத கதை, பிள்ளையின் உடலை மாற்றி முடிவைத் தேடிக்கொண்டது. நடக்கச் செய், இல்லையேல் இறக்கச் செய். இங்கிலாந்தின் லொயிஸ் கீத் என்ற எழுத்தாளர், தாமும் சக்கர நாற்காலியைப் பயன்படுத்துபவர், சிறுமியருக்கான செந்நெறி நாவல்களிலே வரும் இவ்விரு முடிவுகளையும் ஆராய்ந்து 2001 இல் தனிநூலே எழுதியுள்ளார்.

சிறுவருக்கான சாகசக் கதைகளின் பக்கம் திரும்பினால் வேறொரு காட்சி. ரொபேர்ட் லூயி ஸ்ரீவன்சனின் 'புதையல் தீவு' 1881 ஒக்ரோபர் முதல் ஒரு சிறுவர் இதழிலே தொடராக வந்து, 1883 இல் நூலாயிற்று. ஒற்றைக்கால் மாலுமி ஒருவனைக் கண்டால் அறிவிக்க வேண்டும் என்று சிறுவன் ஜிம்முக்குக் கட்டளையிடப்படுகின்றது. அன்றிலிருந்து ஜிம்மின் கனவுகளிலே அம்மனிதன் வருகின்றான். ஒருநாள் முழங்காலோடு வெட்டுண்டவனாக, இன்னொருநாள் உடலின் நடுவிலே ஒற்றைக்கால் கொண்ட பூதமாக. பிறகு பிரிஸ்ரல் துறைமுகத்திலே ஜோன் சில்வரை நேரிலே பார்க்கும்போது, சுத்தமாகவும் சிரித்த முகத்தோடும் உள்ள இவன் அந்தப் பூதமாக இருக்கவே முடியாது என்று நம்பி ஜிம் ஏமாறுகின்றான். முன்பின் அறியாத உடலைக் குழந்தை மனம் எப்படிப் பூதமாக்குகின்றது, நேரிற் கண்டதும் அப்பூதம் எப்படிக் கலைந்து போகின்றது என்பதை இவ்வளவு சரியாகச் சொன்ன பழைய நூல் வேறொன்றை நான் அறியேன்.

சில்வர் கொலைகாரன், வஞ்சகன். ஆயினும் கதையிலே அவனைப் போல் மனத்திலே நிற்பவர் இல்லை. ஊன்றுகோலை அக்குளிலே இடுக்கிக்கொண்டு பறவைபோலத் துள்ளிச் செல்கின்றான். ஆசிரியர் அவனுக்குக் கால் கொடுக்கவுமில்லை, அவனைச் சாகடிக்கவுமில்லை. ஒரு பை நாணயத்தோடு அவன் தப்பிப் போய்விடுகின்றான். இதற்கொரு காரணம் உண்டு. ஸ்ரீவன்சனின் நண்பரான கவிஞர் ஹென்லி காசநோயினால் ஒரு காலை இழந்தவர். மற்றக் காலைக் காப்பதற்காக எடின்பரோவிலே லிஸ்ரர் என்ற புகழ்பெற்ற சத்திரசிகிச்சை நிபுணரிடம் சிகிச்சை பெற்றுக்கொண்டிருந்தபோது, 1875 இல் ஸ்ரீவன்சன் அவரைச் சந்தித்தார். பெருங்குரலும் பெருஞ்சிரிப்புமாக வாழ்ந்த அந்நண்பரின் ஆளுமையிலிருந்தே சில்வர் பிறந்தான் என்று ஸ்ரீவன்சன் பின்னர் அவருக்கே கடிதம் எழுதினார். உயிருள்ள ஒரு மனிதரைப் பார்த்து எழுதியமையால் சில்வர் உயிரோடு எழுந்து நின்றான். வருத்தம் என்னவென்றால், அந்த உயிர்ப்பு கடற்கொள்ளைக்காரனுக்கே வாய்த்தது. அவ்வழியிலே வந்த பல கதைகளிலே ஊன்றுகோலும் இரும்புக் கொக்கியும் வில்லனின் அடையாளச் சின்னங்களாகி விட்டன.

அடுத்த மாற்றம், ஊனத்தோடு வளர்ந்த பிள்ளையே பேனாவைக் கையில் எடுத்தபோது நிகழ்ந்தது. அவுஸ்திரேலியாவின் அலன் மார்ஷல் 1902 இல் விக்ரோறியா மாநிலத்திலே ஒரு நாட்டுப்புறக் குடும்பத்தில் பிறந்தவர். தந்தை குதிரைகளைப் பழக்குபவர். ஆறு வயதிலே இளம்பிள்ளைவாதம் தாக்கியது. அவர் தமது இளமைக் கதையை 1955 இல் எழுதி வெளியிட்டார். நூலின் பெயர், சேற்றுநீர்க் குட்டைகளை என்னால் தாண்ட முடியும் என்ற பொருளுடையது. ஊன்றுகோல்களோடு காடு மேடெல்லாம் திரிந்தும், ஏரியிலே நீந்தியும், சக மாணவரோடு அடிபிடிப்பட்டும், யாருக்கும் தெரியாமற் பலமுறை விழுந்தெழும்பிக் குதிரையேறப் பழகியும் வளர்ந்த சிறுவனின் கதை அது. ஊனம் என்ற சொல் வேறு யாருக்கோ உரியது என்றே அச்சிறுவன் எண்ணிக்கொண்டிருக்கின்றான். பெரியவர்களின் இரக்கப் பார்வைதான் அவனுக்குப் புதிராக இருக்கின்றது. அவன் கடைசிவரை ஊன்றுகோலை விடவில்லை. வாசகருக்கும் அவன் விடவேண்டும் என்ற எண்ணம் எழுவதில்லை. டிக்கன்ஸ் ரிம்முக்குச் சொல்லாமல் விட்டவற்றையெல்லாம், ஒரு நூற்றாண்டு கடந்து, மார்ஷல் தமக்குத் தாமே சொல்லிக்கொண்டார் எனலாம்.

ஆனால் மார்ஷலின் வெற்றியிலே ஓர் இடர்ப்பாடும் உண்டு. அவன் துணிந்தான், அதனால் வென்றான். துணிவில்லாத பிள்ளை என்ன செய்வது? எல்லாச் சுமையையும் அப்பிள்ளையின் தோளிலேயே வைத்துவிடலாமா? இவ்வினாவுக்கு விடை தந்த நூல் கிழக்கிலிருந்து வந்தது.

ஜப்பானின் தொலைக்காட்சிக் கலைஞர் தெற்சுகோ குரோயனாகி தமது சிறுபராயப் பாடசாலை நினைவுகளை எழுதி 1981 இல் வெளியிட்ட நூல் 'டோட்டோ சான்'. தமிழிலும் சிங்களத்திலும் வெளிவந்து நமது நாட்டவர் பலரும் விரும்பி வாசித்த நூல் இது. பழைய ரயில் பெட்டிகளையே வகுப்பறைகளாகக் கொண்ட தொமோயே என்னும் பாடசாலை, 1937 இல் சோசாகு கொபயாஷி என்பவரால் டோக்கியோவிலே தொடங்கப்பட்டது. ரயில் பெட்டி வகுப்பறையையே பலரும் நினைவில் வைத்திருக்கின்றனர். இன்றைய பொருளுக்கு வேண்டியவை அந்நூலின் வேறு சில அத்தியாயங்கள்.

தொமோயேயிலே தகாஹாஷி என்றொரு சிறுவன். கைகால்கள் குறுகி, மேலும் வளராத உடல். விளையாட்டுப் போட்டி நாள் வருகின்றது. நமது பாடசாலைகளின் இல்ல மெய்வல்லுநர் போட்டியை மனத்திலே கொண்டு இதனைக் கேளுங்கள். அங்கே நடந்த போட்டிகள் வேறெங்கும் இல்லாதவை. துணியாலான பெரிய மீனின் வயிற்றுக்குள் புகுந்து தவழ்ந்து வெளியேறுவது ஒரு போட்டி. மண்டபத்தின் படிகளிலே ஒவ்வொரு படியாக ஏறி இறங்குவது இன்னொன்று. நெடிய கால்கள் அங்கே தடுமாறின. குறுகிய கால்கள் விரைந்தன. போட்டிக்குப் போட்டி தகாஹாஷியே முதலிடம் பெற்றான். அவனை மனத்திற்கொண்டே தலைமையாசிரியர் அப்போட்டிகளை வகுத்திருந்தார் என்பது பிள்ளைகளுக்குத் தெரியாது. முதல் வந்த நினைவை அவன் வாழ்நாள் முழுவதும் வைத்திருக்க வேண்டும் என்பது அவருடைய எண்ணம். பரிசுகளோ முள்ளங்கியும் கீரையும்!

இன்னொரு நிகழ்ச்சி. மனிதனுக்கு ஒரு காலத்திலே வால் இருந்தது என்று வகுப்பிலே விளக்கிய ஆசிரியை ஒருவர், வேடிக்கையாக, தகாஹாஷியை நோக்கி உனக்கு வால் இருக்கிறதா என்று கேட்டுவிட்டார். அன்று மாலை சமையலறையிலே தலைமையாசிரியர் அந்த ஆசிரியையிடம் மிகுந்த கோபத்தோடும் வேதனையோடும் பேசுவதை டோட்டோ சான் கேட்க நேர்கின்றது. பிள்ளைகள் முன்னிலையிலோ, மற்ற ஆசிரியர் முன்னிலையிலோ அவர் அதைச் சொல்லவில்லை. ஒரு பிள்ளையின் உடலைப் பற்றிய சிறு பகிடி அப்பிள்ளையின் உள்ளத்தில் எவ்வளவு ஆழமாக இறங்கும் என்பதை அறிந்தவர் அவர். மாணவரைப் பட்டப்பெயரிட்டு அழைப்பதைச் சாதாரணமாகக் கொள்ளும் நம்மவர், ஆசிரியராயினும் பெற்றோராயினும், இந்த ஓர் அத்தியாயத்தையாவது வாசிக்க வேண்டும்.

மூன்றாவது நிகழ்ச்சிதான் நமது பழமொழிக்கு நேரே வருகின்றது. தொமோயேயிலே ஒவ்வொரு பிள்ளைக்கும் ஏறுவதற்கெனச் சொந்தமாக ஒரு மரம் உண்டு. யசுவாக்கி என்ற சிறுவனுக்கு மட்டும் மரம் இல்லை. இளம்பிள்ளைவாதத்தினால் கால்களும் விரல்களும் வழங்காதவன் அவன். கோடை விடுமுறையிலே ஒருநாள், பெரியவர்கள் எவருக்கும் சொல்லாமல், டோட்டோ சான் அவனைத் தன் மரத்துக்கு விருந்தாளியாக அழைக்கின்றாள். காவலாளியின் கொட்டகையிலிருந்து ஏணியை இழுத்து வருகின்றாள். அதிலே அவனால் ஏற இயலவில்லை. அவள் சோர்ந்து விடவில்லை. மறுபடி கொட்டகைக்கு ஓடி, ஆடாமல் நிற்கும் மடக்கேணியை இழுத்து வருகின்றாள். அவன் காலை ஒவ்வொரு படியாகத் தூக்கி வைத்து, தலையாலே அவனை மேலே முட்டித் தள்ளி, பின் மரக்கவட்டிலே நின்று கையைப் பிடித்திழுத்து, வியர்வை வழிய வழிய, ஈற்றிலே இருவரும் கிளையிலே அமர்கின்றனர். அவன் தன் வாழ்நாளிலே முதன்முறையாக மரத்தின் உயரத்திலிருந்து உலகைப் பார்க்கின்றான்.

நேயர்களே, முடவன் கொம்பின்மேல் ஏறிவிட்டான். அவனுடைய கால்கள் குணமாகவில்லை. இறைவன் தோன்றவில்லை. மலைக்காற்றும் வீசவில்லை. ஏழெட்டு வயதுச் சிறுமியொருத்தி ஏணி கொண்டுவந்தாள். முதல் ஏணி பொருந்தாதபோது வேறோர் ஏணி கொண்டுவந்தாள். நமது பழமொழியிலே மரம் உண்டு, தேன் உண்டு, ஆசைப்படும் முடவன் உண்டு, அவனைப் பார்த்து நகைப்போரும் உண்டு. ஏணி மட்டும் இல்லை.

யசுவாக்கியும் பின்னர் இறந்து போகின்றான்; அது நிகழ்ந்த உண்மை. ஆனால் அவனுடைய இறப்பு யாரையும் திருத்துவதற்காகச் சொல்லப்படவில்லை. அவன் இரவல் கொடுத்த புத்தகத்தையும், மரக்கிளையிலிருந்து அவன் சொன்ன கதைகளையும் நினைத்துத் தோழி துயருறுகின்றாள். ஒரு நண்பனை இழந்த துயர் அது. தொமோயே பாடசாலை 1945 இல் விமானக் குண்டுவீச்சிலே எரிந்தழிந்தது. குரோயனாகி தமது நூலின் வருவாயைக் கொண்டு, செவிப்புலனற்ற நடிகர்களைப் பயிற்றும் நிறுவனமொன்றை அமைத்தார்.

இந்நூல் வெளிவந்த 1981 ஆம் ஆண்டையே ஐக்கிய நாடுகள் சபை சர்வதேச ஊனமுற்றோர் ஆண்டாகப் பிரகடனஞ் செய்திருந்தது. அதன் பின் நிலைமை விரைந்து மாறியது. சிறுவர் நூல்களுக்கான சர்வதேசச் சபை, இத்துறை நூல்களைத் திரட்டும் ஆவண நிலையமொன்றை 1985 இல் நோர்வேயிலே நிறுவியது. 2014 முதல் அது கனடாவின் ரொறன்ரோ பொது நூலகத்திலே இயங்குகின்றது. அமெரிக்காவின் சீஸ் பெல், நான்கு வயதிலே மூளைக்காய்ச்சலால் செவிப்புலனை இழந்த தமது கதையை 2014 இல் சித்திரக் கதையாக வெளியிட்டார். அதிலே எல்லோரும் முயல்கள். அவருடைய முயலின் நீண்ட காதுகளிலே கேட்டற் கருவி. ஆசிரியை கழுத்திலே மாட்டிய ஒலிவாங்கியைக் கழற்ற மறந்து பாடசாலையின் எந்த மூலைக்குப் போனாலும், மலசலகூடம் உட்பட, அங்கே எழும் ஒலியெல்லாம் சிறுமிக்குக் கேட்டுவிடுகின்றது! வகுப்பிலே வேறு யாருக்கும் இல்லாத வல்லமை. பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிக்கும் இடம் இது. அந்தச் சிரிப்பு அவளைப் பார்த்துச் சிரிப்பதாகாது. அவளோடு சேர்ந்து சிரிப்பது.

இனி நமது கடமைக்கு வருவோம். நமது நாட்டிலே ஊனமுற்ற ஆட்களின் உரிமைகளைப் பாதுகாக்கும் சட்டம் 1996 இலேயே இயற்றப்பட்டது. ஐ.நா. சமவாயத்தை இலங்கை 2016 இல் ஏற்றுறுதி செய்தது. சட்டம் வாசலைத் திறக்கும். வாசலுக்குள் வந்த பிள்ளையை அருகிலே இருத்திக்கொள்ளும் மனத்தைக் கதைகளே உண்டாக்க வேண்டும். 'ஜெய்ப்பூர் கால்' எங்கள் பகுதிகளிலே பலர் அறிந்த பெயர். இராஜஸ்தானிலே ஒரு மருத்துவரும் ஒரு கைவினைஞரும் சேர்ந்து 1968 இல் உருவாக்கியது அது. வெறுங்காலோடு நடக்கவும், சேற்று வயலில் இறங்கவும், நிலத்திலே குந்தியிருக்கவும் ஏற்றதாக, நமது வாழ்க்கை முறையை அறிந்து அமைத்த கால். நமது பிள்ளைகளுக்கு வேண்டிய கதைகளும் அவ்வாறே நமது மண்ணறிந்து அமைய வேண்டும். ஜெய்ப்பூர்க் காலோடு பட்டம் விடும் பையனும், சக்கர நாற்காலியில் இருந்தவாறே கோயில் திருவிழாவிலே கச்சான் வாங்கும் சிறுமியும் நமது சிறுவர் நூல்களிலே இன்னும் நிறைய வரவேண்டும். அவர்கள் கதையின் முடிவிலே எழுந்து நடக்க வேண்டியதில்லை. பட்டம் ஏறினாற் போதும்.

அப்படியானால் ஹைடியையும் கேற்றியையும் தூர எறிந்து விடுவதா? வேண்டாம். நல்ல கதைகள் நல்ல கதைகளே. பிள்ளைகளோடு சேர்ந்து அவற்றை வாசித்து, வினாக்களை எழுப்புங்கள். கிளாரா நடக்காமலே இருந்திருந்தால் ஹைடி அவளை விட்டுப் போயிருப்பாளா? உடைந்த நாற்காலிக்குப் பதிலாகப் பாட்டனார் மலைப்பாதைக்கு ஏற்றதொன்றைச் செய்திருக்க முடியாதா? கொலினின் தந்தையிடம் நீங்கள் என்ன கேட்பீர்கள்? விடைகளை ஆசிரியர் சொல்ல வேண்டியதில்லை. பிள்ளைகள் தாமே கதையின் கடைசி அத்தியாயத்தை மாற்றி எழுதுவார்கள்.

பழமொழியையும் பாடத்திலிருந்து நீக்க வேண்டாம். அது நமது மொழியின் சொத்து. ஒரு காலத்தின் மனப்பாங்கைக் காட்டும் சான்று. அதன் பொருளைக் கற்பித்த பின், அந்த மரத்தடியிலே நின்றவர்கள் யார், அவர்கள் என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்று வகுப்பிலே கேட்டுப் பாருங்கள். ஏதோ ஒரு வாங்கிலிருந்து ஏணியைப் பற்றி ஒரு பிள்ளை பேசத் தொடங்கும். அப்பிள்ளையைப் பேச விடுங்கள்.